ஆவுடைத்தாயின் ரேகை

விருதுநகர்,
3.7.2024

மதிப்பிற்குரிய ஷரீஃபுன்னிசா டீச்சர் அவர்களுக்கு,

கனகசபாபதி எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்திருந்தால் அதற்கே நன்றி. சிவகாசியில் உங்கள் மகன் சாபிரின் அச்சு மைக் கடையில் முகவரி வாங்கினேன். போன் எண்ணும் கொடுத்தார். எனக்கு இரண்டு காதும் போய் நாலு வருஷம் ஆகிறது. மிஷின் மாட்டினால் விசில்தான் கேட்கிறது. அதனால் தபால்.

விஷயம் இதுதான். நம் ஆசிரியர் சங்கம் ஒரு வரலாற்று நூல் கொண்டுவருகிறது. எழுத்துச் சீர்திருத்தத்தில் ஆசிரியர்களின் பங்கு என்று ஒரு தனிப் பகுதி. இப்போதைய செயலாளர் ஸ்ரீராம்குமார் இளைஞர், சுறுசுறுப்பானவர். 1978 அக்டோபரில் ணை, லை, றா போன்ற எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றி அரசாணை வந்தபோது நம் வட்டாரத்து வாத்தியார்களே பாதிப் பேர் முறுக்கிக்கொண்டு நின்றதும், 79 பிப்ரவரி மாநாட்டில் நாம் நடத்திக் காட்டிய செயல்விளக்கத்துக்குப் பிறகு ஒரே மனதாகத் தீர்மானம் நிறைவேறியதும் அவருக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. என்னை ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்.

பழைய சங்க இதழ் ஒன்றில் அந்த மேடைப் படம் கிடைத்திருக்கிறது. ஒரு தீப்பெட்டி ஆபீஸ் பெண் வருகைப் பதிவேட்டில் கட்டைவிரல் ரேகை வைக்கிறாள். பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். கீழே, 'கைநாட்டாக வந்தவர், இருபதே நாளில் புதிய எழுத்தில் வாசித்தார்' என்று போட்டிருக்கிறது. அதைத்தான் அட்டையில் போடப்போகிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு நினைவில் இல்லை. பெயரையும், அன்று நடந்ததைப் பற்றி நீங்கள் இரண்டு வரியும் எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும். காலண்டர் சீசன் சூடுபிடிப்பதற்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

நமக்குள் அந்தக் காலத்தில் வந்த மனத்தாங்கலை நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
கனகசபாபதி


சிவகாசி,
11.7.2024

கனகசபாபதி சாருக்கு,

நான் எதையும் மறக்கவில்லை. எழுபது தாண்டினால் மறதி வரும் என்கிறார்கள். வரட்டும் என்று நானும்தான் காத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ஆவுடைத்தாய். உங்களுக்குத் தெரியாதா? அவளுக்காக ஒரு கடிதம் கேட்டு உங்கள் வீட்டு வாசலில் நின்றேனே. 'ஒரு பொம்பளைக்காகச் சங்கத்தைச் சந்தி சிரிக்க வைக்கச் சொல்றீங்களா டீச்சர்?' என்று கேட்டீர்கள். அன்றைக்கு விட்டதுதான் பேச்சு.

இரண்டு வரி கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

அவள் கைநாட்டு இல்லை. முதியோர் கல்வித் திட்டம் என்று ஒன்று வருவதற்கு முன்பே, ஒரு வருஷமாக என் சாயங்கால வகுப்பில் படித்தவள். தீக்குச்சி அடுக்கிவிட்டு, கையில் மருந்து வாடையோடு வருவாள். பழைய எழுத்தில் கடிதம் எழுதுவாள், போஸ்டர் படிப்பாள், கையெழுத்துப் போடுவாள். அவளையும் இன்னும் ஆறு பேரையும் கூட்டிவரச் சொன்னது நீங்கள். எழுத்தே தெரியாதவர்கள் என்று மேடையில் சொல்லச் சொன்னதும் நீங்கள். அதையும் ஒருத்தரும் சந்தேகப்படாதபடி, ஸ்டாம்ப் பேடு கொண்டுவந்து வைத்து, எல்லோர் கண்முன்னாலும் ரேகை வைக்கச் சொன்னீர்கள்.

நம் தொழிலில் இதெல்லாம் புதிதா? இன்ஸ்பெக்டர் வருகிற அன்று, விடை தெரிந்தவன் வலது கையைத் தூக்கு, தெரியாதவன் இடது கையைத் தூக்கு என்று சொல்லி வைக்காத வாத்தியார் யார்? எல்லாக் கையும் உயரும், அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்தப் பழக்கத்தில் இதையும் செய்தோம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ரேகை வைக்கும் வழக்கத்தை ஒழித்துவிட்டு நிமிர்ந்த பெண்ணுக்கு இது என்ன என்று நாம் யோசிக்கவில்லை.

புதிய எழுத்து சுலபம் என்பது உண்மைதான். என் பெண்கள் அதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். பழைய எழுத்துப் படித்தவர்களுக்கே ஒரு நாள் போதும் என்று உள்ளதைச் சொல்லியிருந்தாலும் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

படத்தை எடுத்துவிடுங்கள்.

ஷரீஃபுன்னிசா


விருதுநகர்,
20.7.2024

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. 'நீங்களும்தானே உடன் நின்றீர்கள்' என்று ஒரு பதில் எழுதி, கிழித்துவிட்டேன்.

அவள் பெயர் எனக்கு மறக்கவில்லை. மறந்ததாக எழுதியது பொய். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஆழம் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

அன்றைய நிலைமை உங்களுக்குத் தெரியும். சீனிச்சாமி அய்யா போன்ற பெரிய தமிழாசிரியர்கள் எதிர்ப்பக்கம். 'அரசாங்கம் ஆணை போடும், எழுத்தை வகுப்பில் உயிரோட வச்சிருக்கிறது வாத்தியார்லா' என்று அவர் பேசினால் கூட்டம் கை தட்டும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கும் தெரியும். வாத்தியார்கள் மனது வைக்காவிட்டால் அரசாணை அலமாரியில்தான் தூங்கும். ஆகவே வாத்தியார்கள் மனதை அசைக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஒரு விரலில் கொஞ்சம் மை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஏழு பெண்களும் வாசித்து முடித்ததும் சீனிச்சாமி அய்யாவே எழுந்து நின்று, 'நான் தோத்துட்டேன்யா' என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அந்த நல்ல மனுஷனையும் ஏமாற்றினேன். பிற்பாடு எனக்குக் கிடைத்த தலைமையாசிரியர் பதவி, விருது, மாலை எல்லாம் அந்த மேடையிலிருந்து வந்தவைதான்.

பிறகு அவளுக்கு நடந்ததும் தெரியும். தீப்பெட்டி ஆபீசில் ஆள் பேர் எழுதும் வேலை அவளுக்குக் கிடைப்பதாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியும் என்று சொல்லியிருந்தாள். தீப்பெட்டியும் அச்சாபீசும் ஒரே முதலாளிக்கு. நம் இதழை அந்த அச்சாபீசில்தான் அடித்தோம். மேனேஜர் படத்தைப் பார்த்துவிட்டு, பொய் சொன்னாள் என்று அந்த வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். 'இவள் ஒரு வருஷமாகப் படித்தவள்' என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். எழுதியிருந்தால் தீர்மானம் செல்லாது என்று சீனிச்சாமி அய்யா ஆட்கள் கிளம்பியிருப்பார்கள். பயந்தேன்.

இப்போது என் கட்டுரையில் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதப்போகிறேன். அவள் பெயரையும் போட்டு, படித்த பெண் என்று எழுதப்போகிறேன். சாவதற்குள் இந்த ஒரு காரியத்தையாவது செய்துவிடுகிறேன்.

இத்துடன் ஆவுடைத்தாய்க்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வைத்திருக்கிறேன். ஆமத்தூரில் வாக்கப்பட்டதாகக் கேள்வி. எனக்கு நேரில் போக முகமில்லை. தயவுசெய்து நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கனகசபாபதி


சிவகாசி,
5.8.2024

கனகசபாபதி சாருக்கு,

போய் வந்து நாலு நாள் ஆகிறது. உடனே எழுத முடியவில்லை.

ஆமத்தூரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். என்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"டீச்சர், வாங்க. எம்புட்டு வருசமாச்சு. சாப்பிட்டீகளா?"

நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு முதல் கேள்வி அது.

மகன் மணிகண்டராஜ் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறானாம். மருமகள் ஹர்ஷினி வீட்டில் இருந்தாள். பி.ஏ. படித்த பெண். துறுதுறுவென்று ஓடிவந்து நாற்காலி போட்டாள். நான் யோசிக்காமல் உங்கள் கடிதத்தை எடுத்து ஆவுடைத்தாயிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி, பிரிக்காமலே மருமகளிடம் கொடுத்தாள்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு தாயி."

அந்தப் பெண் உறையைக் கிழித்து, 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்துவிட்டாள். எழுந்துபோய்ப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். வேறு யார் கடிதமோ மாறி வந்துவிட்டது என்று உளறினேன். ஆவுடைத்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "டீச்சருக்குக் குடிக்கக் கலர் வாங்கிட்டு வா" என்று மருமகளைக் கடைக்கு அனுப்பினாள். அவள் தெரு திரும்பியதும் கையை நீட்டினாள்.

"குடுங்க. உங்க கண்ணாடியையும் குடுங்க."

அவளிடம் கண்ணாடி இல்லை. எழுத்துத் தெரியாதவளுக்குப் படிக்கிற கண்ணாடி எதற்கு? என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் கடகடவென்று படித்தாள். உதடுகூட அசையவில்லை. அப்படிப் படிக்க நான் ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. யாருக்கும் தெரியாமல் தானாகப் பழகியிருக்கிறாள்.

சார், அவள் இந்த நாற்பத்தைந்து வருஷமும் ரேகைதான் வைத்திருக்கிறாள்.

"வேற என்ன செய்யச் சொல்றீக? படிச்சவன்னு சொன்னேன், பொய்க்காரின்னாக. கைநாட்டுன்னு இருந்தேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அப்படியே கல்யாணம் ஆகிப்போச்சு. ரேசன் கடை, பேங்கு, எம்மகன் ரிப்போட்டு கார்டு, எல்லாத்துலயும் ரேகைதான். அவன் மார்க்கு எனக்குத் தெரியும். அவனாப் படிச்சுக் காட்டட்டும்னு இருப்பேன். கூட்டிச் சொல்லுவான். சிரிச்சுக்கிடுவேன்."

ஏன் அன்றே உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"நீங்கதான யார்ட்டயும் சொல்லாதன்னீக. சங்கத்து மானம்னீக. அதுக்கப்புறம் நான் உங்க வீட்டுக்கு வந்தேன். மேனேசர்ட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர்னேன். வர்றேன்னீக. ரெண்டு நாளு ஆபீசு கேட்டுப் பக்கத்துல நின்னு பார்த்தேன். நீங்க வரல."

நான் போகவில்லை, சார். உங்களிடம் கடிதம் கேட்டு வந்து நின்றதை மட்டும் இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். நீங்கள் எழுதாவிட்டால் என்ன, எனக்கு வாய் இல்லையா? என் வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை. சங்கத்தைப் பகைத்துக்கொள்ள மனம் வரவில்லை. உங்களைத் திட்டித் திட்டியே நான் நல்லவளாக இருந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஹர்ஷினி இப்போதைய எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறாள். தெருவில் பத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அதில் ஒருத்தி அவள் மாமியார்.

"முதல்ல வேணாம்னேன். அவ மூஞ்சி சுருங்கிப்போச்சு. சரின்னு உக்காந்துட்டேன். ரெண்டு தப்பா எழுதுவேன், ஒண்ணு சரியா எழுதுவேன். 'அத்தை, உங்களுக்கு மண்டையில என்ன இருக்கு'ன்னு வைவா. போன வாரம் என் பேர முழுசா எழுதினேன். புருசனுக்குப் போனப் போட்டுச் சொல்லிட்டு அழுதுட்டா டீச்சர். வந்த நாள்ல இருந்து எங்க ரெண்டு பேருக்கும் ஆகாது. இப்பத்தான் ஒரு தட்டுல சாப்பிடுறோம். உங்க சாரு என்னமோ எல்லாத்தையும் பொஸ்தகத்துல போடப் போறேங்கிறாரே. போட்டா அவ என்னைய என்னன்னு நினைப்பா? எம்மகன் என்ன நினைப்பான்?"

கடிதத்தைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டாள். அவள் கேட்பது ஒன்றுதான். படமும் வரக் கூடாது, உண்மையும் வரக் கூடாது.

ஷரீஃபுன்னிசா


விருதுநகர்,
12.8.2024

டீச்சர் அவர்களுக்கு,

எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கசக்கிவிட்டேன்.

படத்தை எடுத்துவிடலாம். உண்மையை எப்படி எழுதாமல் விடுவது? பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல், 'ஒரு பெண்' என்று எழுதினால் என்ன? நூலில் அந்த 'இருபது நாள்' கதை அப்படியே இருந்துவிட்டால் நான் இரண்டாம் முறையும் பொய் சொன்னவனாகிவிடுவேன். நாளைக்குப் பயிற்சிப் பள்ளியில் அதைப் பாடமாக வைப்பார்கள். எனக்கு எழுபத்து மூன்று. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு போகச் சொல்கிறீர்களா?

கனகசபாபதி


சிவகாசி,
16.8.2024

சார்,

ஆமாம், வைத்துக்கொண்டு போங்கள். நானும் அப்படித்தான் போவேன்.

'ஒரு பெண்' என்று எழுதினால் போதுமா? ஸ்ரீராம்குமார் பழைய இதழை வைத்திருக்கிறார். அன்றைய தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஹர்ஷினி இதே திட்டத்தில் வேலை செய்கிறவள், உங்கள் நூல் அவள் கைக்குக் கண்டிப்பாக வரும்.

அன்றைக்குச் சங்கத்துக்காக அவளை நடிக்கச் சொன்னோம். இன்றைக்கு நம் மனசு லேசாவதற்காக அந்த நடிப்பை நிறுத்தச் சொல்கிறோம். இரண்டு தடவையும் அவளை யாரும் கேட்கவில்லை. இந்தத் தடவை அவளே வாய் திறந்து கேட்டிருக்கிறாள். பொய்யும் வரக் கூடாது, உண்மையும் வரக் கூடாது என்றால் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். மாநாட்டையே நடத்தினவர் நீங்கள். வழி கண்டுபிடியுங்கள்.

ஷரீஃபுன்னிசா


விருதுநகர்,
8.9.2024

டீச்சர் அவர்களுக்கு,

ஆசிரியர் தினத்தன்று நூல் வெளியாகிவிட்டது. படம் இல்லை. என் கட்டுரையும் இல்லை. செயல்விளக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தீர்மானம் நிறைவேறியது என்று மட்டும் இருக்கிறது.

எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். ஸ்ரீராம்குமாரிடம் எனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று சொன்னேன். அவர் ஒரு தாளில், 'சார், நீங்கதானே நடத்துனீங்க, படத்துல ஓரமா நிக்கிறீங்களே' என்று எழுதிக் காட்டினார். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டேன். அந்தப் பையனுக்கு முகம் மாறிவிட்டது. சாட்சி சொல்ல ஒருத்தரும் இல்லாத செய்தியைச் சங்கத்தின் பெயரில் போடாதே, நாளைக்கு எவனாவது கேட்டால் அசிங்கம் என்றேன். அதை மட்டும் தெளிவாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

விழாவுக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூத்த ஆசிரியர் என்று சால்வை போடக் காரில் வந்து அழைத்துப் போனார்கள். மேடையில் முத்துப்பாண்டி, என்னிடம் படித்து இன்று தலைமையாசிரியராக இருப்பவன், மைக்கை என் முன்னால் வைத்து, ஒரு தாளில் எழுதி நீட்டினான். 'சார், எழுத்துச் சீர்திருத்த மாநாட்டப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க.'

முந்நூறு வாத்தியார்கள் இருந்தார்கள். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அரசாணையின் எண் தெரியும், சீனிச்சாமி அய்யா பேச்சு வரி வரியாகத் தெரியும், தீர்மானத்தின் வாசகம் இன்றும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன். 'எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா' என்றேன். அவன் மறுபடியும் தாளைக் காட்டினான். தெரியவில்லை என்று மறுபடியும் சொன்னேன். முன்வரிசையில் ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்தாள். முத்துப்பாண்டி என் கையைப் பிடித்து, குழந்தையை நடத்துகிற மாதிரி நாற்காலிக்கு நடத்திப் போனான்.

தெரிந்ததைத் தெரியாது என்று ஒரு கூட்டத்தின் முன்னால் சொல்வது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. கூசிப்போனேன், டீச்சர். நானாகச் செய்தேன், என்னை யாரும் செய்யச் சொல்லவில்லை. அப்படியும் கூசியது. இருபது வயதுப் பெண்ணை அங்கே நிறுத்தியிருக்கிறேன்.

மகன் அடுத்த வாரம் என்னை மதுரைக்கு மூளை டாக்டரிடம் அழைத்துப் போகிறான். இன்று என்ன கிழமை, பிரதமர் யார் என்றெல்லாம் கேட்பார்களாம். என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் மூன்று நாளாக என்னிடம் யாரும் பேப்பரைக்கூடக் கொடுப்பதில்லை. மூன்று நாளையே தாங்க முடியவில்லை.

கனகசபாபதி


சிவகாசி,
18.11.2024

கனகசபாபதி சாருக்கு,

டாக்டரிடம் ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டாரிடம் பேப்பரைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நூல் வந்துவிட்டது, அது போதும்.

ஆவுடைத்தாய் எழுத்தறிவுத் தேர்வு எழுதிவிட்டாள். ஹர்ஷினி எனக்குப் போன் செய்து, கட்டாயம் வர வேண்டும் என்றாள். போனேன். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் வயதான பெண்கள் காலை மடக்கி உட்கார்ந்து எழுதினார்கள். ஆவுடைத்தாய் எல்லோருக்கும் கடைசியாகத்தான் தாளைக் கொடுத்தாள். அவளுக்குப் பத்து நிமிஷ வேலை அது.

வெளியே வந்ததும் ஹர்ஷினி மாமியாரைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபம் ஒன்றும் இல்லை, மனதில் பட்டதைக் கேட்டாள்.

"டீச்சர், அத்தை எம்புட்டு வெரசாப் பிடிச்சுக்கிட்டாக தெரியுமா? நாலு மாசந்தான். சின்ன வயசுலயே யாராச்சும் சொல்லிக்குடுத்திருந்தா எங்கயோ போயிருப்பாக. அத்தை தீப்பெட்டி ஆபீசுல இருந்தப்ப நீங்க அங்கனதான் வேலை பார்த்தீகளாமே. நீங்களாச்சும் ரெண்டு எழுத்துச் சொல்லிக்குடுத்திருக்கலாமே, ஏன் டீச்சர் சொல்லிக்குடுக்கல?"

ஆவுடைத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தப்புதான் தாயி," என்றேன். "நான் கவனிக்காம விட்டுட்டேன்."

ஷரீஃபுன்னிசா